ஞாயிறு இணைப்பின் மதுரைப் பத்துக் கடைப் பட்டியல்: எங்கே இடிக்கிறது?

வடக்குமாசி

பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் உணவுப் பத்திக்காரர் வரிசைப்படுத்திய மதுரைப் பத்துச் சாப்பாட்டுக் கடைப் பட்டியலைப் பார்த்தாச்சா? முதல் இடம் புறவழிச்சாலையில் இருக்கும் குளிரூட்டிய கடைக்கு. பரோட்டா, பிரியாணி, ஜிகர்தண்டா எல்லாம் ஒரே கூரையின் கீழ். இரண்டாவது ஓர் இட்லிக் கடை; "பஞ்சு" என்ற சொல் அந்தப் பத்தியில் மட்டும் நான்கு முறை வருகிறது. கறி தோசைக்கு ஏழாவது இடம், நடுவில் மாவு வேகவில்லையாம். அயிரை மீன் குழம்புக்கு ஒன்பதாவது, வாயில் மண் நெருடியதாம். சால்னா தண்ணீராக இருந்தது என்று ஒரு நல்ல பரோட்டாக் கடையைப் பத்தாவதாகத் தள்ளியிருக்கிறார்.

கடைகள் மேல் எனக்கு வழக்கு இல்லை, அவர் போன நேரத்தின் மேல்தான். படங்களைப் பாருங்கள்: பரோட்டாக் கடை வாசலில் நிழல் காலடியிலேயே விழுகிறது, அதாவது உச்சிப்பொழுது. நகருக்குள் பெரும்பாலான பரோட்டாக் கடைகளில் கல் சூடேறி வேலை சீராவது மாலை 6 மணிக்கு மேல். மதியம் கிடைப்பது காலையில் முக்கால் வேக்காட்டில் எடுத்து அடுக்கி வைத்ததைத் திரும்பச் சூடாக்கிய பரோட்டா. பிறகு இட்லிக் கடைக்கு மாலை 4 மணிக்குப் போயிருக்கிறார் போல. தட்டில் தேங்காய்ச் சட்னி இல்லை, தக்காளியும் மல்லியும் மட்டும். தேங்காய்ச் சட்னி இல்லாத இட்லித் தட்டு மதுரையில் எப்போது வரும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஒவ்வொரு பண்டமாகப் பேசுவோம். "எங்க கடைதான் பெஸ்ட்" வகைப் பதிவுகளைத் தவிர்த்தால் நல்லது.

---

எதிர்க்கட்சி

அவரைக் கொஞ்சம் தாங்கிப் பேச ஒரு ஆளாவது வேண்டாமா? பத்திரிகை படிப்பவர்களில் பாதிப் பேர் கோயிலுக்கு வந்துவிட்டு மதியம் சாப்பிட இடம் தேடுகிறவர்கள். அவர்களிடம் "ராத்திரி 8 மணிக்கு வாருங்கள், அப்போதுதான் எங்கள் பரோட்டா பரோட்டாவாக இருக்கும்" என்று சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். மதியம் விற்கிறார்கள், முழு விலை வாங்குகிறார்கள். அப்படியானால் மதியத்துக்கும் மதிப்பெண் போடலாம்.

இன்னொன்று. "அவருக்குத் தெரியாது" என்பது விவாதம் ஆகாது. மாவு வேகவில்லை என்கிறார். வெந்திருந்ததா இல்லையா என்பதற்கு மட்டும் யாராவது பதில் சொல்லுங்கள்.

---

கல்லும் கரண்டியும்

வடக்குமாசி அண்ணே சொன்னது சரி, ஆனா பாதிதான் சொன்னீங்க. மதியப் பரோட்டா ஏன் மோசம்னு சொல்லாம நேரத்தை மட்டும் சொன்னா எதிர்க்கட்சி விடமாட்டாரு.

பரோட்டா கணக்கு இது. மைதா 1 கிலோ, தண்ணி 550 மில்லி, எண்ணெய் 50, உப்பும் சர்க்கரையும் சேர்த்து 30 கிராம் சொச்சம். மொத்தம் 1.6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல மாவு. 80 கிராம் உருண்டையாப் பிடிச்சா 20 பரோட்டா. பிசையறது குறைஞ்சது 15 நிமிஷம், அடிச்சுப் பிசையணும். அப்புறம் மேல எண்ணெய் தடவி ஈரத்துணி மூடி 2 மணி நேரம். உருண்டை பிடிச்ச பிறகு இன்னொரு அரை மணி. இந்த ரெண்டாவது ஊறலைத்தான் கூட்டம் வந்தா எல்லாரும் வெட்டுறாங்க. வெட்டினா என்னாகும்? வீசும்போது மாவு ரப்பர் மாதிரி திரும்ப இழுக்கும், ஓரம் கிழியும், மாஸ்டர் கிழிசலை மடிப்புக்குள்ள மறைச்சுச் சுத்திருவாரு. தின்னும்போது நடுவுல கட்டியா ஒரு முடிச்சு வருதே, அது இதுதான்.

அடுத்தது அடி. கல்லுலருந்து எடுத்ததும் அஞ்சாறை அடுக்கி ரெண்டு உள்ளங்கையாலயும் பக்கவாட்டுல அடிக்கணும். உள்ள இருக்கிற ஆவி அப்ப வெளிய வந்து ஏடு ஏடாப் பிரியும். சூடா இருக்கும்போதே அடிக்கணும். அரை நிமிஷம் போனாலே ஏடு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அப்புறம் அடிச்சா நொறுங்கத்தான் செய்யும், பிரியாது. மதியப் பரோட்டாவுல நடக்கிறது இதுதான். முக்கா வேக்காட்டுல எடுத்து அடிக்காம அடுக்கி மூடிடுவாங்க. மூடின பாத்திரத்துல வேர்த்து ஈரம் உள்ள இறங்கும். திரும்பக் கல்லுல போட்டா மேல மொறுமொறுன்னு ஆகும், உள்ள தோல் மாதிரி இழுக்கும்.

முதலிடம் வாங்கின கடை தப்பிச்சது எதனாலன்னா அங்க பன் பரோட்டா. சின்னதா, தடிமனா, சுத்தின சுருளை ரொம்ப அமுக்காம அப்படியே கல்லுல வைக்கிறது. எண்ணெய் தாராளம். தடிமன் இருக்கறதால ஈரம் சீக்கிரம் போகாது, மதியம் தின்னாலும் மெத்துன்னு இருக்கும். அவரு ரெண்டையும் ஒரே தராசுல வச்சுட்டாரு. பன் பரோட்டாவோட சாதா பரோட்டாவை ஒப்பிடறது விருதுநகர் எண்ணெய் பரோட்டாவைக் கொண்டுவந்து "இது ஏன் மொறுமொறுன்னு இருக்கு"ன்னு கேக்கற மாதிரி. அது எண்ணெய்ல முக்கிப் பொரிக்கிற சாமான்.

---

சும்மா படிக்கிறவன்

அப்ப மதியம் போனால் என்னதான் கேட்கலாம்?

---

கல்லும் கரண்டியும்

கொத்து கேளுங்க தம்பி. பழைய பரோட்டாதான் கொத்துக்கு நல்லது, அன்னன்னிக்குப் போட்டது கொத்தினா கூழாயிடும். இல்லேன்னா வீச்சு கேளுங்க. அதுக்கு உருண்டையை அப்பவே வீசி மடிச்சுப் போடுவாங்க, அடுக்கி வச்சதைக் குடுக்க வழியே இல்ல.

---

வடக்குமாசி

சால்னாவுக்கு வருகிறேன். "தண்ணீராக இருந்தது" என்பது சால்னாவைக் குற்றம் சொல்வது ஆகாது, அதன் இலக்கணமே அதுதான். பிய்த்துப் போட்ட பரோட்டாவின் ஏடுகளுக்கு இடையில் இறங்க வேண்டும் என்பதற்காகவே அதை நீர்க்க வைக்கிறார்கள். கெட்டிக் குழம்பை ஊற்றினால் மேலேயே நிற்கும், கடைசி வாய் வரை உள்ளே வறண்டிருக்கும்.

ஆனால் நீர்க்க இருப்பது வேறு, நீர்த்துப் போவது வேறு. அரை கிலோ ஆட்டெலும்புக்கு 3 லிட்டர் தண்ணீர் வைத்து ஒரு மணி நேரம் கொதித்த பிறகு, அரை மூடித் தேங்காய், இரண்டு தேக்கரண்டி கசகசா, ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, சோம்பு அரைத்து ஊற்றுவார்கள். பட்டை, கிராம்பு, கல்பாசி தாளிப்பில். தேங்காய் விழுது விழுந்த பிறகு சிறு தீயில் 15, 20 நிமிடம் போதும், மேலே சிவப்பு எண்ணெய் பிரிந்து மெல்லிய படலமாக நிற்கும். தட்டில் ஊற்றியதும் எண்ணெய் வளையம் வளையமாகப் பிரிந்தால் அது சால்னா. எண்ணெய் இல்லாமல் ஒரே நிறத்தில் ஓடினால் கூட்டத்தைப் பார்த்துக் கொதிதண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். அவர் எழுதியிருக்க வேண்டியது எண்ணெய் பிரிந்ததா இல்லையா என்பதை. ஒரு வரி போதும்.

இன்னொரு கோளாறும் உண்டு, அதை யாரும் எழுதுவதில்லை. இரவு 11 மணிக்கு மேல் தேங்காய் விழுது கொதித்துக் கொதித்துத் திரிந்து, காறல் வாடை வரும். நள்ளிரவுச் சால்னாதான் சுவை என்று சொல்பவர்கள் எலும்புச் சாறு இறங்கியதைச் சொல்கிறார்கள். அது உண்மை. தேங்காயை ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு தவணையாகச் சேர்க்கிற கடையில் மட்டும் உண்மை.

---

உளுந்தம்மா

இட்லிக் கடைக்கு இரண்டாம் இடம் கொடுத்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. எல்லாரும் பரோட்டாவில் நிற்பதால் நான் இதைச் சொல்லிவிடுகிறேன்.

பஞ்சு மாதிரி இருப்பது மட்டுமே இட்லிக்குச் சான்று இல்லை. மென்மை மூன்று வழியில் வரும். ஒன்று உளுந்து, நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு முழு உளுந்து, அதுவும் புது உளுந்து, ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கிரைண்டரில் அரை மணி நேரம். ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். இரண்டாவது வழி ஜவ்வரிசியோ அவலோ சேர்ப்பது. மூன்றாவது சோடா உப்பு. தட்டில் வந்து விழும்போது மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். கட்டுரையின் படத்தில் இருக்கும் இட்லி நடுவில் மேடாக, கண்ணைப் பறிக்கும் வெள்ளையாக இருக்கிறது. அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

பிரித்தறிய 20 நிமிடம் ஆகும். ஓர் இட்லியைச் சாப்பிடாமல் ஓரமாக வையுங்கள். உளுந்து இட்லி ஆறினாலும் விரலால் பிட்டால் உதிரியாகப் பிளக்கும், கொஞ்சம் கெட்டிப்படும், அவ்வளவுதான். ஜவ்வரிசி இட்லி ஆறியதும் இழுபடும், பிட்டால் நூல் மாதிரி வரும். சோடா இட்லியைப் பிளந்து பார்த்தால் துளைகள் ஒரே சீராக இல்லாமல் பெரிதும் சிறிதுமாக இருக்கும், நிறம் லேசாக மஞ்சளடிக்கும், நாக்கின் ஓரத்தில் சவர்க்காரம் மாதிரி ஒரு வழவழப்பு. நாலு சட்னியில் முக்கி அவசரமாகத் தின்றால் இது எதுவும் தெரியாது. சட்னி இல்லாமல் முதல் துண்டு தின்ன வேண்டும். அதைச் செய்ததாகக் கட்டுரையில் ஓர் இடத்திலும் இல்லை.

தட்டு இட்லியா துணி இட்லியா என்பதையும் எழுதவில்லை. ஈரத் துணியில் ஊற்றினால் ஆவி அடியிலிருந்தும் ஏறும், அடிப்பாகத்தில் வழுக்கல் தோல் உண்டாகாது. துணியின் நெசவு அடியில் பதிந்திருக்கும், படத்திலேயே பார்த்துவிடலாம். இந்தப் படத்தில் அடிப்பாகம் தெரியவே இல்லை.

---

எதிர்க்கட்சி

உளுந்தம்மா அக்கா, நியாயம்தான். ஆனால் ஒரு கேள்வி. காலை 7 மணி இட்லியும் 10 மணி இட்லியும் ஒரே கடையில் ஏன் வேறாக இருக்கிறது? மாவு ஒன்றுதானே? அப்படி மாறும் என்றால் எந்த விமர்சகர் எழுதினாலும் தப்பாகத்தான் போகும்.

---

உளுந்தம்மா

மாவு ஒன்றுதான் தம்பி, ஆனால் அது சும்மா இருப்பதில்லை. புளிக்க வைக்கும் நுண்ணுயிர் காற்றை விட்டுக்கொண்டே இருக்கும், கூடவே புளிப்பும் ஏறும். மதுரை வெயிலுக்கு 7, 8 மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும், மார்கழியில் 11, 12 மணி நேரம் ஆகும். பொங்கி உச்சத்தில் நிற்கும்போது ஊற்றுவதுதான் நல்ல ஈடு (ஒரு தடவை ஊற்றி எடுக்கும் இட்லி). வெளியில் வைத்த அண்டாவில் 10 மணிக்குக் காற்று இறங்கி மாவு தளர்ந்துவிடும், இட்லி தட்டையாகவும் புளிப்பாகவும் வரும்.

கெட்டிக்காரக் கடைகள் ஒரே அண்டாவில் வைப்பதில்லை. இரண்டு மணி நேர இடைவெளியில் மூன்று அண்டாவாக அரைப்பார்கள், கடைசி அண்டாவைக் குளிர்ப்பெட்டியில் வைத்து 8 மணிக்கு வெளியே எடுப்பார்கள். இன்னொரு தப்பு கரண்டியால் அடிவரை கலக்குவது. பொங்கிய மாவை மேலாக அள்ளி ஊற்ற வேண்டும், கலக்கினால் அதிலுள்ள காற்று போய்விடும். அவசரத்தில் புதுப் பையன் அதைத்தான் செய்வான்.

ஆக, எந்த நேரத்து ஈட்டைத் தின்றேன் என்று எழுதினால் எந்த விமர்சகரும் தப்பாகப் போகமாட்டார். தேதியும் மணியும் போடுவதற்கு எவ்வளவு இடம் பிடிக்கும்?

தேங்காய்ச் சட்னி மாலையில் இல்லாததற்குக் கடையைக் குறை சொல்லாதீர்கள். வெயில் காலத்தில் அரைத்து 3, 4 மணி நேரத்தில் புளித்துவிடும். மிச்சத்தைத் தட்டில் வைக்காமல் கொட்டியிருக்கிறார்கள் என்றால் அது நல்ல கடை.

---

கல்லும் கரண்டியும்

எதிர்க்கட்சி கேட்ட கறி தோசைக்கு வர்றேன். மாவு வேகலைன்னு அந்த ஆளு எழுதினதுல பாதி உண்மை இருக்கலாம், ஒத்துக்கறேன்.

கறி தோசைங்கறது மூணு அடுக்கு. அடியில ஊத்தப்பம் கனத்துக்குத் தோசை, மேல முட்டை, அதுக்கு மேல சுண்ட வச்ச கொத்துக்கறி. சிம்மக்கல் கோனார் மெஸ்ஸால ஊருக்கே தெரிஞ்ச பண்டம், இப்ப எல்லா இடத்துலயும் போடறாங்க. சூட்சுமம் முட்டை ஊத்தற நேரத்துல இருக்கு. மாவை ஊத்தி மேல துளை விழுந்து, ஈரப் பளபளப்பு போற வரைக்கும் காத்திருக்கணும். நடுத்தரத் தீயில ஒன்றரை, ரெண்டு நிமிஷம். அதுக்கு முன்னாடி முட்டையை ஊத்தினா அது மூடி மாதிரி அடைச்சுக்கும், அடியில இருக்கிற ஆவி வெளிய போகாது, மாவு நடுவுல பச்சையாவே நிக்கும். அப்புறம் திருப்பிப் போட்டு எவ்வளவு அமுக்கினாலும் வேகாது, கறிதான் கருகும். கூட்ட நேரத்துல ஒரே கல்லுல ஆறு தோசை போடும்போது இந்தத் தப்பு நடக்கும்.

ரெண்டாவது, கறி. ஒரு தோசைக்கு 80 கிராம் கொத்துக்கறி, எண்ணெய் மட்டும் மிஞ்சற வரைக்கும் சுண்டியிருக்கணும். தண்ணி இருந்தா அது தோசையில இறங்கி மேல் அடுக்கை ஊற வச்சுரும். அப்ப வேகாத மாவு மாதிரியே வாயில தெரியும். ஆனா அது வேகாதது இல்ல, நனைஞ்சது. மூணாவது, புளிச்ச மாவு. புளிச்சா தோசை வலை மாதிரி விரியும், கறியோட கனத்தைத் தாங்காது, திருப்பும்போதே உடையும்.

மூணுல எதுன்னு கண்டுபிடிக்க வழி: நடுவுல பிட்டு, விரல் நடுவுல வச்சு உருட்டுங்க. விரல்ல வெள்ளையா ஒட்டினா பச்சை மாவு. ஒட்டாம ஈரமா, எண்ணெயா இருந்தா கறித்தண்ணி. பத்திக்காரரு உருட்டிப் பாத்தாரான்னு தெரியல, எழுதல.

---

எதிர்க்கட்சி

இது பதில். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒட்டியிருந்தால் ஏழாவது இடம்கூடத் தாராளம்தான்.

---

கல்லும் கரண்டியும்

அதுல எனக்குச் சண்டையே இல்ல.

---

வைகை அயிரை

மண் நெருடல் பற்றி. பெயரைப் பார்த்தாலே நான் எதற்கு வந்தேன் என்று தெரியும்.

அயிரை ஒரு விரல் நீளம்கூட வராத மீன், ஆறு குளத்தின் மணலடியில் மேயும். குடலைக் கிழித்து எடுக்கிற அளவு இல்லை, முழுசாகத்தான் குழம்பில் போகும். ஆகவே மண்ணை அதுவாகவே வெளியேற்ற வேண்டும். உயிரோடு வாங்கி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, மூழ்குமளவு பாலோ தேங்காய்ப்பாலோ ஊற்றி 15, 20 நிமிடம் மூடி வைப்பார்கள். மீன் பாலைக் குடித்து மண்ணைக் கக்கும், பால் சாம்பல் நிறமாகும். பிறகு சொரசொரப்பான மண்சட்டியில் கல்லுப்பு போட்டு உரசி, வழவழப்பு போக நான்கைந்து தண்ணீர். கடைசித் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும்.

மீன் செத்திருந்தால் இந்த வித்தை பலிக்காது. செத்த மீன் எதைக் கக்கும்? ஐஸில் வந்த அயிரையை எத்தனை முறை உரசினாலும் மேல் தோல்தான் சுத்தமாகும், வயிற்று மண் அப்படியே இருக்கும். அதனால் மண் நெருடியது என்றால் சமையல்காரரின் கையில் குற்றம் இருக்க வாய்ப்பு குறைவு, அன்றைய வரத்தில்தான் குற்றம். அன்று உயிர் மீன் கிடைக்கவில்லை என்று சொல்லி அயிரையை நிறுத்துகிற கடைதான் என் கணக்கில் முதலிடம். ஆண்டு முழுக்க எல்லா நாளும் அயிரை உண்டு என்று பலகை வைக்கிற இடத்தில் கேள்வி கேட்க வேண்டும். பத்திக்காரர் தலைகீழாகச் செய்திருக்கிறார்: "எப்போது போனாலும் கிடைக்கும்" என்பதைப் பாராட்டாக எழுதியிருக்கிறார்!

குழம்பு பற்றியும் ஒரு வரி தப்பு. "மீன் குழம்பு பழசானால் ருசி கூடும், இங்கே புதிதாக வைத்ததைப் பரிமாறினார்கள்" என்கிறார். விராலுக்கும் கெளுத்திக்கும் அது பொருந்தும். அயிரையைத் திரும்பச் சூடாக்கினால் உடைந்து குழம்போடு கரைந்துவிடும், பிறகு முள் மட்டும்தான் வாயில் படும். அரை கிலோ மீனுக்குச் சின்ன வெங்காயம் 150 கிராம், நல்லெண்ணெய் 100 மில்லி, புளி பெரிய எலுமிச்சை அளவு. குழம்பு கொதித்து எண்ணெய் மிதந்த பிறகு கடைசியில் மீனைச் சேர்த்து 5, 6 நிமிடம். கரண்டி போடக் கூடாது, சட்டியைத் தூக்கிச் சுழற்ற வேண்டும். குழம்பைத் தனியாக வைத்துக்கொண்டு, ஆர்டர் வந்த பிறகு மீனைப் போடுகிற மெஸ்கள் உண்டு. அதுதான் சரியான ஏற்பாடு.

---

சும்மா படிக்கிறவன்

பிரியாணியைப் பற்றி யாரும் பேசவில்லையே? "அரிசி குழைந்திருந்தது, நீளமாக இல்லை" என்று எழுதியிருக்கிறார்.

---

வடக்குமாசி

சீரகச் சம்பாவிடம் நீளத்தைக் கேட்பது சின்ன வெங்காயத்திடம் பருமனைக் கேட்பது போல. திண்டுக்கல் பக்கத்துப் பிரியாணி மரபே அந்த அரிசியில் நிற்கிறது. 1957இல் ஆனந்த விலாஸ் என்ற பெயரில் தொடங்கித் தலப்பாக்கட்டியாகப் பெயர் பெற்ற கடையிலிருந்து தெருமுனைக் கடை வரை. குட்டை அரிசி, மசாலாவை உறிஞ்சும், பாஸ்மதி போல நீளாது. குழைந்ததா என்பது வேறு கேள்வி. அளவு ஒரு பங்கு அரிசிக்கு ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் பங்கு நீர், ஊறல் 20 நிமிடம். முக்கால் மணி நேரம் ஊறவிட்டால் கிளறும்போது குருணையாக உடைந்து கூழாகும். பருக்கை முனை உடைந்திருக்கிறதா, முழுசாக இருந்து மென்மையாக இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

---

பாசியும் பாலும்

ஜிகர்தண்டாவுக்கு நான். பட்டியலில் முதலிடக் கடையின் ஜிகர்தண்டாவைப் புகழ்ந்துவிட்டு, பழைய கடைகளை "இனிப்பு தூக்கல்" என்று ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிட்டார். விளக்குத்தூண் பக்கம் 1977 முதல் என்று பலகை மாட்டி விற்பவர்கள் இருக்கும் ஊரில் இது கொஞ்சம் துணிச்சல்தான்.

முதலில் உள்ளே இருப்பது எது என்பதையே குழப்பியிருக்கிறார். கடல்பாசியும் பாதாம் பிசினும் ஒன்று என்று எழுதியிருக்கிறார். இல்லை. கடல்பாசி கடல் தாவரத்திலிருந்து வருவது. தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் கரையும், ஆறினால் கட்டியாகும். 10 கிராம் இருந்தால் ஒரு லிட்டர் நீர் வெட்டுகிற பதத்துக்கு உறையும். ஒருமுறை உறைந்தால் மதுரை வெயிலில் உருகாது, மறுபடி உருக 85 பாகை வெப்பம் வேண்டும். தெருவோரத் தள்ளுவண்டியில் அது நாள் முழுக்க நிற்பதன் இரகசியம் அதுதான். பாதாம் பிசின் மரத்தின் கோந்து. கொதிக்க வைக்கத் தேவையில்லை, ஊற வைத்தால் உப்பும். இரண்டு தேக்கரண்டி பிசின் ஓர் இரவில் ஒரு கிண்ணம் நிறையும். 8 மணி நேரத்துக்குக் குறைவாக ஊறினால் நடுவில் கல் மாதிரி நிற்கும், கடிபடும். முதலிடக் கடையின் படத்தில் குவளைக்குள் தெரிவது பிசின், வெட்டிய கடல்பாசி இல்லை. பழைய கடைகள் பலவற்றில் பாசிதான். இரண்டும் நல்லதுதான், ஆனால் வாயில் நடக்கும் காரியம் வேறு: பாசி உடையும், பிசின் வழுக்கும்.

இனிப்புக்கு வருவோம். ஒரு குவளையில் நன்னாரி சர்பத் 30 மில்லி, சுண்டிய பால், அதற்கு மேல் பாசந்தி, தலையில் ஐஸ்கிரீம். 2 லிட்டர் பாலை 1 லிட்டராகச் சுண்ட வைத்தால் ஊற்றுகிற பால். 600 மில்லி வரை சுண்ட வைத்தால் பாசந்தி. சில்லென்று இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு மட்டுப்படும், எனவே கடைக்காரர் அந்தக் குளிருக்குத் தக்கபடி இனிப்பைக் கூட்டி வைக்கிறார். படம் எடுக்கக் குவளையை மேசையில் ஐந்தாறு நிமிடம் வைத்தால் ஐஸ்கிரீம் உருகி, குளிர் இறங்கி, மறைந்திருந்த இனிப்பெல்லாம் மேலே வரும். கட்டுரைப் படத்தில் ஐஸ்கிரீம் உருண்டையின் விளிம்பு கரைந்து, குவளைக்கு வெளியே வேர்த்து, மேசையில் வட்டமாகத் தண்ணீர் நிற்கிறது. நின்ற இடத்தில் ரெண்டு நிமிடத்தில் குடித்து முடிக்க வேண்டிய பண்டம் அது.

கலக்குவதும் பிரச்சினை. சர்பத் அடியில் கிடக்கும். கரண்டியால் அடியிலிருந்து இரண்டு முறை தூக்கிவிட்டுக் குடிக்காமல் உறிஞ்சுகுழாயை அடியில் விட்டால் முதல் வாய் முழுக்கச் சர்பத்துதான்.

---

எதிர்க்கட்சி

மேசையில் தண்ணீர் வட்டத்தைப் பார்த்தீர்களே, உங்களிடம் என் படம் எதுவும் காட்டமாட்டேன்.

சரி, நான் ஒன்றை விடவில்லை. நீங்கள் எல்லாரும் சொல்வது "சரியான நேரத்தில் போய், சரியாகக் கலக்கி, 20 நிமிடம் காத்திருந்து, விரலால் உருட்டிப் பார்" என்று. பசியோடு வருகிறவன் இதையா செய்வான்? கடை தன் பொறுப்பில் செய்ய வேண்டியதை வாடிக்கையாளர் தலையில் கட்டுகிறோமா இல்லையா?

---

உளுந்தம்மா

பசியோடு வருகிறவர் செய்ய வேண்டாம். பத்துக் கடைக்கு வரிசை எண் போடுகிறவர் செய்யட்டும். அவருக்கு அதற்குத்தான் சம்பளம்.

---

வடக்குமாசி

கடைசியாக, விட்டுப்போனவை. பத்தில் ஒன்றுகூடப் பருத்திப்பால் இல்லை. முள்ளுமுருங்கை வடை இல்லை. அரிசியோடு இலையை அரைத்துப் பூரி மாதிரி பொரித்து, மேலே பொடி தூவித் தருவதை மாலைத் தெருக்களில் பார்க்கலாம். இரண்டும் நாற்காலி இல்லாத பண்டங்கள், தள்ளுவண்டியும் வாசல்படியும்தான். பட்டியல் "கடை" என்று எதை எண்ணுகிறது என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

---

சும்மா படிக்கிறவன்

பருத்திப்பால் வீட்டில் செய்ய முடியுமா? வெல்லமா, கருப்பட்டியா?

---

உளுந்தம்மா

முடியும் தம்பி. கால் கிலோ பருத்திக்கொட்டையை 8 மணி நேரம் ஊற வைத்து அரைத்து, மூன்று முறை பால் பிழிந்து, துணியில் வடிகட்டுங்கள். திப்பி இருந்தால் தொண்டையில் நிற்கும். 50 கிராம் பச்சரிசி ஊற வைத்து அரைத்து அதில் கரைத்து, அடுப்பில் வைத்த நொடியிலிருந்து கை எடுக்காமல் கிண்டுங்கள். விட்டால் அடிப்பிடித்துக் கட்டி விழும். பச்சை வாடை போக 15, 20 நிமிடம். அதன் பிறகு 250 கிராம் கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள், கருப்பட்டியில் மண் இருக்கும். வெல்லமும் ஆகும், ஆனால் சுக்கோடு கருப்பட்டிதான் ஒட்டும். இறக்கும்போது சுக்கு, ஏலம், தேங்காய்த் துருவல்.

கொட்டை வாங்கும்போது மட்டும் கவனம். விதைக் கடையில் விதைப்புக்கு விற்பது பூச்சிமருந்து தடவியது, சாயம் பூசியிருக்கும், அதை வாங்கவே கூடாது. நாட்டு மருந்துக் கடையில் சமையலுக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

---

சும்மா படிக்கிறவன்

நன்றி அக்கா. கொட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தால்?

---

உளுந்தம்மா

ஒட்டியிருக்கட்டும். ஊறிய பிறகு இரண்டு தண்ணீரில் பிசைந்து கழுவுங்கள். வடிதுணியை மட்டும் நான்காக மடித்துக்கொள்ளுங்கள்.